ஆடாத படகு

ஜூன் 3

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், அடுத்த அறையில் இருக்கும் அத்தான் காதில் எல்லாம் விழுகிறது, கடைசியில் நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். போன வாரம் மட்டும் மூன்று தடவை. ஆகவே இனிமேல் எழுத்தில்தான் பேச்சு. காகிதத்தைப் பட்டென்று வைத்தாலும் அது மேஜை மேலேயேதான் கிடக்கும், மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட மாதிரி எங்கள் பட்டறையில் இரண்டு சின்னப் படகுகள் விற்பனைக்கு நிற்கின்றன. இரண்டும் பதினான்கு அடி நீளம். விலையும் ஒன்றுதான், அதனால் அதில் யோசிக்க எதுவுமில்லை. பழைய படகை விற்றபோது நீ கழற்றி வைத்துக்கொண்ட இன்ஜின் இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் அடியில். நீள அடியைச் சொல்லவில்லை, படகின் அடிப்பக்கத்தைச் சொல்கிறேன்.

பச்சைப் படகுக்குத் தட்டை அடி. கவிழ்த்துப் போட்டால் அதன்மேல் சீட்டு விளையாடலாம். பட்டறையில் அதற்குத் தாம்பாளம் என்று பெயர். வெள்ளைப் படகுக்குக் கூர் அடி. இரண்டு பக்கமும் சரிந்து வந்து நடுவில் ஒரு முனையாகச் சேரும். அதற்குக் கத்தி என்று பெயர். தட்டை அடி அமைதியான தண்ணீரில் சுகமாக மிதக்கும். அலை எழும்பினால் ஒவ்வொரு அலை மேலும் தொப்பென்று விழுந்து அடி வாங்கும். கூர் அடி அலையைக் கிழித்துக்கொண்டு போகும். சும்மா நிற்கும்போது கொஞ்சம் அசையும், அது பெரிய விஷயமில்லை.

உங்கள் ஏரியில் மத்தியானத்துக்கு மேல் காற்று எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் கத்திதான். முதலாளி பதினைந்தாம் தேதி வரை இரண்டையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார். ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் வந்து பார் என்பாய். அதனால் கேட்கவில்லை.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

அன்புள்ள போடவில்லை, கவனித்திருப்பாய். இங்கே யாரும் நலமில்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய், அதை அறிய எனக்கு ஆவலும் இல்லை.

கேட்கவில்லை என்று எழுதினாலும் சொல்கிறேன். எட்டு மாதமாக உன் அத்தான் படகுத்துறைப் பக்கம் போகவில்லை. வலது முட்டி மடங்குவதே இல்லை, வீட்டுக்குள்ளேயே கம்பு ஊன்றி நடக்கிறார். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறார். அக்கரையிலிருந்து பல் டாக்டர் நோயாளிகளின் வாயை அச்சு எடுத்து என்னிடம் கொடுத்தனுப்புகிறார். நான் ஆபீஸில் டைப் அடித்துவிட்டுத் திரும்பும்போது பயணிகள் படகில் அதைக் கொண்டுவருகிறேன். இவர் செய்து முடித்ததைத் திரும்பக் கொண்டுபோகிறேன். அதில் பாதி மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆளின் வாயைப் பார்க்காமல் பல் கட்டினால் எப்படிப் பொருந்தும்? ஒரு பெரியவருக்கு மெல்லும்போதெல்லாம் காதுக்குள் டக் டக் என்று கேட்கிறதாம். இப்போது ஜன்னலில் வரிசையாக ஏழு செட் நிற்கிறது. இந்த வீட்டில் சிரித்த முகமாக இருப்பது அவை மட்டும்தான்.

போன வியாழக்கிழமை பல் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஜூலை முடிவதற்குள் உன் அத்தான் நேரில் வந்து வேலை செய்யவில்லை என்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார். ஆனால் இருபது வருஷமாகச் செய்த வேலை இது. இதுவும் போய்விட்டால் அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான் எந்நேரமும்.

பயணிகள் படகில் ஏற ஐந்து படி இரும்பு ஏணி, மடங்காத காலோடு அது நடக்காது. ரோட்டு வழியாகச் சுற்றினால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். சொந்தப் படகு ஒன்றுதான் வழி.

நீ ஒரே வார்த்தை கேட்டாய். எனக்கு ஆடாத படகு வேண்டும். எது ஆடாது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதை அனுப்பு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையாவது செய்து வைக்காதே. இது படகு.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அன்புள்ள போட்டுவிட்டேன். யார் பெரியவர் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

ஆடாத படகு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. முதல் தடவையாக நானும் நீயும் ஒரே பக்கம் நிற்கிறோம். அன்றே முதலாளியிடம் சொல்லி முடித்துவிட்டேன். கத்தி உனக்குத்தான். இருபத்தி மூன்றாம் தேதி லாரியில் வருகிறது. இருக்கைப் பலகையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அத்தான் காலை நீட்டி உட்கார வசதியாக இருக்கும். அடியில் ஒரு சின்ன விரிசல்கூட இல்லை, நானே படுத்துக்கொண்டு பார்த்தேன்.

தட்டை வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் உனக்குத் தெரியாது. நம் பழைய படகும் தட்டைதான். அத்தானுக்குக் காலில் அடிபட்ட அன்றைக்கு நானும் அவரும் அக்கரையிலிருந்து கிளம்பிய பத்தாவது நிமிஷம் காற்று எழும்பிவிட்டது. அரைமணி நேரம் அந்தப் படகு ஒவ்வொரு அலையிலும் விழுந்து விழுந்து எழுந்தது. பலகையில் உட்கார்ந்திருந்தவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்விட்டது. துறையில் இறங்க எழுந்தபோது கால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் படியில் விழுந்து கிடந்ததை மட்டும்தான் நீ பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்த அரைமணி நேரத்தை நான் பார்த்தேன். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். படகு ஆடிவிட்டது, அவர் கால் படகுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இந்தப் படகு அப்படிச் செய்யாது. அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்.

தம்பி


ஜூன் 26

அவசரக்குடுக்கைக்கு,

உன் படகு வந்தது. வந்து, பார்த்து, எல்லாம் முடிந்தது.

எதிர்வீட்டுத் தச்சரும் லாரிக்காரரும் சேர்ந்து தண்ணீரில் இறக்கினார்கள். வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது உன் அத்தான் சவரம் செய்து முடித்திருந்தார். வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு மாதத்தில் அதைத் தொட்டதில்லை. மெழுகு, அரம், சின்னக் கத்தி எல்லாம் இருக்கும் தகரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். பேசினால் கலைந்துவிடும் என்று பயம். வாசலிலிருந்து துறை வரைக்கும் கம்பு ஊன்றி நடந்தார். அப்புறம் பதினொரு படி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். நான் பின்னாலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கடைசிப் படியில் நின்று ஒரு காலைப் படகுக்குள் வைத்தார். படகு அவர் பக்கமாகச் சாய்ந்தது. காலை எடுத்தார், அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடி வைத்தார், மறுபடி இந்தப் பக்கம். பிறகு, "பாத்தியா, வேணாம் வேணாம்னு தல ஆட்டுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படியே திரும்பிப் பதினொரு படியும் ஏறி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். மடித்ததில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆடாத படகு என்றால் என்ன என்று நினைத்தாய்? ஏறும்போது ஆடாத படகு. துறையில் நிற்கும்போது ஆடாத படகு. நிற்கும்போது அசையும் என்று நீதானே உன் கையால் எழுதினாய்? அதைப் பெரிய விஷயமில்லை என்றும் நீதானே எழுதினாய்? மடங்காத காலோடு இருப்பவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் எது? நீ ஒற்றைக்காலில் நின்றாயாம். அவர் நிஜமாகவே ஒற்றைக்காலில் நிற்கிறார், அது உனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நம் பழைய படகு ஒன்பது வருஷம் இதே துறையில் தரை மாதிரி நின்றது. நான் அதில் சுடுதண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன், ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் ஏன் ஆடியது என்று நான் உன்னைக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

தாம்பாளத்தை அனுப்பு.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

நான் படகுப் பட்டறையில் வேலை செய்கிறவன். இங்கே ஒருத்தர் வந்து படகு ஆடுகிறது என்று சொன்னால், ஓட்டும்போது ஆடுகிறது என்றுதான் அர்த்தம். கட்டிப் போட்ட படகைப் பற்றி யாரும் புகார் சொல்ல வந்ததில்லை. நீ ஏறும்போது என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம். மூன்று பக்கம் என்னைத் திட்ட உனக்கு மை இருக்கிறது, அந்த ஒரு வார்த்தைக்கு இல்லை. இப்படியெல்லாம் எழுதி ஒரு கடிதத்தை முடித்துத் தபாலில் போடப் போனேன். போடவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தாயே, அது மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. என் வலது காலில் முன்னும் பின்னும் பலகை வைத்து, பழைய இன்ஜின் பெல்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். முட்டி மடங்கவில்லை. அப்படியே பட்டறைத் துறைக்குப் போய்ப் படகில் ஏறிப் பார்த்தேன். கூர் அடி இன்னொன்று இங்கே ரிப்பேருக்கு வந்திருக்கிறது. அதன் ஓரத்தில் காலை வைத்த உடனே சாய்ந்தது. மடங்குகிற காலாக இருந்தால் உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும். மடங்காத கால் கழி மாதிரி நின்றுகொண்டு ஆளைத் தள்ளுகிறது. தண்ணீருக்குள் விழுந்தேன். வெல்டர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்து, விழுந்தவனைத் தூக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தாம்பாளத்தில் ஏறிப் பார்த்தேன். நின்றது. லேசாக அமுங்கியது, அவ்வளவுதான்.

பதினைந்து வருஷமாகப் படகு பார்க்கிறேன், எல்லாவற்றையும் ஓட்டித்தான் பார்த்திருக்கிறேன். நிற்கிற படகில் எப்படி ஏறுவது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆகவே நீ சொன்னதுதான் சரி. தாம்பாளம். பத்தாம் தேதி லாரியில் ஏற்றுகிறேன், அதே லாரியில் கத்தியைத் திருப்பி அனுப்பிவிடு. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

அந்த ஒரு நாள் ஏன் ஆடியது என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காமலே கேட்கிறாய். அலை இருந்தது, ஆடியது. நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று முன்பே எழுதிவிட்டேன்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

போன கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயோ என்னவோ. இருந்தாலும் அவசரமாக இதை எழுதுகிறேன். எழுதவே பிடிக்கவில்லை, அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். தாம்பாளத்தை அனுப்பாதே.

நேற்று பயணிகள் படகு ரிப்பேர் என்று ஓடவில்லை. ஆபீஸுக்குப் போயாக வேண்டும், வேறு வழியில்லாமல் உன் கத்தியில் இன்ஜினை மாட்டி எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் திரும்பும்போது பல் டாக்டர் நான்கு அச்சு கொடுத்தார். பிளாஸ்டர் சரியாகக் காயவே இல்லை. பாதி ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரியும், ஆள் உயரத்துக்கு இல்லாவிட்டாலும் முழங்கால் உயரத்துக்கு அலை. பழைய படகாக இருந்தால் நேற்றைக்கு நான்கு அச்சும் மாவாகி இருக்கும், என் முதுகெலும்பும் கூட. இந்தப் படகு அலையைப் பிளந்துகொண்டு போனது. மடியில் வைத்த டப்பாவைத் திறந்து பார்த்தால் ஒரு பல்லின் முனைகூட உடையவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அவருக்குத் தினமும் இரண்டு வேளை அந்த ஏரியைக் கடக்கவேண்டும். அந்தக் காலோடு தட்டைப் படகில் அரைமணி நேரம் குலுங்கினால் என்ன ஆகும்? நீ சொன்னது சரி. போதுமா?

ஆனால் சரியான படகாக இருந்து என்ன செய்ய? அவர் ஏறவில்லை. படகின் அடியில் மணல் மூட்டை போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. வந்து பாருங்கள் என்றால், "நாளைக்கி" என்கிறார். நேற்றும் நாளைக்கு, இன்றும் நாளைக்கு. பல் டாக்டரைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒருத்தர் வந்துவிட்டுப் போனாராம். அதையும் சொல்லிப் பார்த்தேன். "நல்ல ஆளா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு மெழுகைச் சீவிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

நான் உன் பக்கம் வந்த அன்றைக்கு நீ என் பக்கம் போய்விட்டாய். நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்திருக்கும். தாம்பாளத்தை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டும்போதுதான் உன் கடிதம் வந்தது. இறக்கச் சொன்னேன். முதலாளி எல்லார் முன்னாலும், "உங்க குடும்பத்துல யாருக்காவது ஒரு முடிவு எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார். நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, கத்தியும் வேண்டாம் தாம்பாளமும் வேண்டாம், கொஞ்சம் பொறுமையாக இதைப் படி. போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். தாம்பாளத்தில் ஏறினேன், நின்றது என்று எழுதினேன் அல்லவா? அது நின்றதற்குக் காரணம், வெல்டர் குனிந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை ஏறினேன். இந்தத் தடவை அவன் வேடிக்கைக்காகக் கையை எடுத்துவிட்டான். தட்டைப் படகு சாயவில்லை, அப்படியே துறையை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கால் கல்லில், ஒரு கால் படகில். நடுவில் விழுந்தேன். தண்ணீருக்குள் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. புதிதாகத் தெரியவில்லை, எட்டு மாதமாகத் தெரிந்ததுதான்.

அன்றைக்கு நான் பிடிக்கவில்லை.

பிடித்திருந்தேன், விட்டுவிட்டேன். வழி முழுக்க அத்தான், மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். படகு ஓட்ட எனக்கே சொல்லித் தருகிறாரே என்று. துறைக்கு வந்ததும் குதித்து இறங்கி விளிம்பைப் பிடித்தேன். அவர் எழுந்தார். எழுந்தவர் சும்மா இறங்காமல், "இன்ஜின முதல்ல தூக்குடா, கல்லுல இடிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். இதையும் சொல்ல வேண்டுமா என்று விருட்டென்று கையை விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் திரும்பினேன். கயிறு இன்னும் கட்டவில்லை. பின்னால் சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன். அப்போது நீ மேல்படியிலிருந்து ஓடிவந்தாய், என்ன ஆச்சு என்று கேட்டாய். படகு ஆடிவிட்டது என்று வாயில் வந்தது. வந்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நான் அங்கே செய்துகொண்டிருந்த படகு வேலையை விட்டு இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். நல்ல வேலை கிடைத்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். எட்டு மாதமாகத் தட்டை அடியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்தப் படகு என்ன செய்தது?

இதை அத்தானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தம்பி


ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குக் காவலாக இரண்டு படகைக் கொண்டுவந்து நிறுத்தினாயே. நானும் ஒரு மாதமாக அடி தட்டையா கூரா என்று உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தேன்.

அறையிலிருந்து அவர் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். ஒளிக்கத் தோன்றவில்லை. கொண்டுபோய் மேஜையில் பல்செட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். கையில் இருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தார். திருப்பி முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு, "இது எனக்குத் தெரியுமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன் கையப் பாத்துட்டுதான் நான் கால எடுத்தேன். எடுக்கும்போது கை இருந்துச்சு, வெக்கும்போது இல்ல" என்றார். அப்படியானால் எட்டு மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "சொன்னா அவன் போயிடுவான்னு நெனச்சேன். சொல்லாமலே போயிட்டான்."

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே இரண்டு பேரையும் திட்டினேன். அவருக்கு நேரில் கிடைத்தது, உன் பங்கு பாக்கி இருக்கிறது. ஒருத்தர் தெரிந்தும் சொல்லவில்லை, ஒருத்தன் செய்தும் சொல்லவில்லை, நடுவில் நான் ஒருத்தி ஆடாத படகு, ஆடாத படகு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

திட்டி முடித்ததும், உங்களுக்கு எந்தப் படகு வேண்டும் என்று அவரைக் கேட்டேன். நினைத்துப் பார், இத்தனை கடிதம் எழுதினோம், ஏறப்போகிற ஆளிடம் கேட்கவேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவர், "தண்ணியில இருந்தா எல்லாமே ஆடத்தான் செய்யும். பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார். நான் பிடிக்கிறேனே என்றேன். "நீ இன்ஜினப் பாரு. அவன வரச் சொல்லு" என்றார்.

கத்தி இங்கேயே இருக்கட்டும். தாம்பாளத்தை உன் முதலாளியே வைத்துக்கொள்ளட்டும். நீ கிளம்பி வா. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே. என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, வந்து நேரில் வாங்கிக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி நேற்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். வந்த உடனே முதலாளி ஒரு உப்புத்தாளைக் கையில் கொடுத்து, தாம்பாளத்தின் அடி முழுவதையும் தேய்த்துப் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். லாரியில் ஏற்றி இறக்கியதில் கீறல் விழுந்ததாம். தேய்க்கிறேன். அதற்கு நான் செய்த பாவத்துக்கு இது போதாது.

பஸ் ஏறும்போது நீ சொன்னது ஞாபகம் வந்துதான் அவசரமாக எழுதுகிறேன். இன்ஜினை மெக்கானிக்கிடம் காட்டப்போவதாகச் சொன்னாய். முதல் நாள் அத்தானை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அது இழுக்கவே இல்லை, நடு ஏரியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றாய். இன்ஜினைக் கழற்றாதே. அதில் ஒரு கோளாறும் இல்லை.

அன்றைக்கு நான் முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் கட்டிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் பதினொரு படியும் இறங்கி வந்தார். படகைப் பார்க்கவே இல்லை. என் இரண்டு கைகளையும் பார்த்தார். தகரப் பெட்டியை உன்னிடம் கொடுத்துவிட்டு என் தலையில் ஒரு கையை ஊன்றிக் காலை வைத்தார். ஓரத்தில் இல்லை, படகின் நடுவில். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். படகு ஒரு தடவை என் கைக்குள் உதறிவிட்டு அடங்கியது. அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நீ போலாமா போலாமா என்று கத்திவிட்டுக் கயிறுகளை அவிழ்த்தாய், இன்ஜினை முடுக்கினாய். படகு நகரவில்லை. இன்னும் முடுக்கினாய். இந்தச் சனியனுக்கு இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று இன்ஜினை ஒரு அடி அடித்தாய்.

மற்றதெல்லாம் நீயே பார்த்தது. பல் டாக்டர் அந்த டக் டக் பெரியவரை உள்ளே அனுப்பியதும், அத்தான் அவர் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். துறையில் நான் நட்டுவைத்த இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி மூன்று நாளும் அவரே ஏறியதும் தெரியும். தெரியாதது இது ஒன்றுதான். இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

நீ முடுக்க முடுக்க நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். என் விரல்கள் விடவில்லை. அத்தான் குனிந்து என் கைமேல் கையை வைத்து, "விடுடா, நான் ஏறிட்டேன்" என்றார்.

தம்பி